இயந்திரத்தை நிறுத்தினால் கேட்கும்

வணக்கம் நேயர்களே. குளத்து வேலையிலேயே உத்தியோக காலத்தைக் கழித்த ஒருவனை யானையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். துருசு என்கிற மதகும் குளக்கட்டும் தெரிந்தவனுக்கு யானை எப்படித் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். வன்னிக் குளங்களில் வேலை செய்தவனைக் கேட்டுப் பாருங்கள், காலையில் குளக்கட்டில் ஏறினால் முதலில் தெரிவது யானை லத்திதான்.

போன ஆவணி விடுமுறையில் குடும்பமாக யானை பார்க்க மின்னேரியாக் குளத்துக்கு வெளிக்கிட்டோம். ஆனையிறவு தாண்டும்போது என் பேத்தி பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மப்பா, ஆனை எங்கை?"

"எல்லாத்தையும் வித்துப்போட்டம் பிள்ளை" என்றேன்.

பகிடியாகச் சொன்னாலும் பொய்யில்லை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத கடலேரியால் நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். போர்த்துக்கேயர் அந்த இறங்குதுறையை யானைத்துறை என்று தங்கள் பாஷையில் அழைத்ததிலிருந்துதான் 'கயிட்ஸ்' என்ற பெயரே வந்தது என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் திறையையே யானையாகக் கட்டினார்கள். பெயர் நம்மிடம் நின்றுவிட்டது, யானையைப் பார்க்க வவுனியா, மதவாச்சி, மரதன்கடவலை என்று நாங்கள்தான் இறங்கிப் போகவேண்டியிருக்கிறது.

மின்னேரியாவில் ஆடி முதல் ஐப்பசி வரை யானைகள் கூடுவதை உலக அதிசயம் போலச் சொல்கிறார்கள். அதிசயம்தான், ஆனால் அதன் காரணம் எந்தக் கமக்காரனுக்கும் விளங்கும். மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம் அது. சிறுபோகத்துக்குத் துருசு திறந்து தண்ணீர் போகப்போக, அதுவரை மூழ்கிக் கிடந்த அலைகரை வெளியே வரும். சுற்றிவரக் காடெல்லாம் காய்ந்து கிடக்க, ஈரம் காயாத அந்த அலைகரையில் மட்டும் பச்சைப் புல் முளைக்கும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். பக்கத்துக் கவுடுல்லை, ஹுருலு காடுகளில் நிற்பவையெல்லாம் இங்கே வரும். நல்ல ஆண்டில் 300 வரை.

இப்போது மொரகஹகந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீரும் மின்னேரியாவுக்கு வருகிறது. கோடையிலும் குளம் நிறைந்து நின்றால் அலைகரை தண்ணீருக்குள்ளே போய்விடும், புல் இல்லை, யானை வேறிடம் தேடும். சில ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. யானை என்றதும் எல்லோரும் மின்வேலியைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ பாதிப் பிரச்சினை துருசுத் திறப்பில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2011இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். 2019 என்ற ஒரே ஆண்டில் 400க்கு மேற்பட்டவை செத்தன, மனிதர்களும் 100க்கு மேல். தந்தத்துக்காக அல்ல. இங்கே ஆண் யானைகளிலும் பெரும்பாலானவை கொம்பில்லாத அலியன்கள்தானே. துவக்குச் சூடு, களவாக இழுத்த மின்கம்பி, பன்றிக்குத் தீனிக்குள் மறைத்து வைத்த வாய்வெடி. அந்த வெடியைக் குட்டி கடித்தால் தாடை சிதறும். பிறகு தின்ன முடியாமல் நாட்கணக்காகக் கிடந்து சாகும். மட்டக்களப்பு ரயில் பாதையில் ஹபரணைப் பக்கம் 2025 பெப்ரவரியில் ஒரே மோதலில் 6 யானைகள் போயின.

யானைகளைத் துரத்திச் சரணாலயத்துக்குள் அடைத்தால் சரி என்று பல காலம் நினைத்தார்கள். பிரித்திவிராஜ் பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் இருப்பிடம் காட்டும் கழுத்துப் பட்டி பூட்டிப் பின்தொடர்ந்து பார்த்து, பெரும்பாலான யானைகள் சரணாலயத்துக்கு வெளியே, சனங்களோடு சனமாகத்தான் வாழ்கின்றன என்று காட்டினார்கள். அடைத்தவை உள்ளே தீனியில்லாமல் எலும்பும் தோலுமாயின. ஆகவே காட்டைச் சுற்றி அல்ல, ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுங்கள் என்கிறார்கள். அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிட்டால் அரிதாளை யானை மேயும்.

நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் பரணில் இரவு முழுக்கக் காவலிருக்கும் கமக்காரனுக்கு இந்த யானை பார்க்கும் பயணங்களால் ஒரு சதமும் வருவதில்லை. காசு ஜீப்புக்கும் பெரிய ஹோட்டலுக்கும் போகிறது. யானையோடு சீவிக்கிற ஊரில் ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதைவிடப் பெரிய உபகாரம் எனக்குத் தெரியவில்லை. யானைச் சவாரி பற்றிக் கேட்காதீர்கள், நான் மரியாதையில்லாமல் ஏதும் சொல்லிவிடுவேன்.

நம்மவர்களில் பிழை இல்லாமலில்லை. புத்தளைக்கும் கதிர்காமத்துக்கும் இடையிலான பாதையில் வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம் என்று நினைக்கிறோம். அந்தப் பழக்கத்தால் யானை வீதியை மறிக்கிறது, கண்ணாடியை உடைத்துத் துதிக்கையை உள்ளே விடுகிறது. ஆட்களும் செத்திருக்கிறார்கள். அதே கதிர்காமத்துக்குச் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து போகிறவர்களைப் பாருங்கள். உகந்தை தாண்டிக் குமணைக் காட்டுக்குள் இறங்கியதும் யானை என்ற சொல்லே வாயில் வராது, கணபதி. தூரத்தில் கணபதி நின்றால் கூட்டம் அப்படியே நின்று வழிவிடும். வள்ளியையே வெருட்டிய பிள்ளையார் அல்லவா!

அன்று பின்னேரம் மின்னேரியாவில் எங்களுக்கு முன்னால் பதினெட்டு ஜீப். நான் எண்ணினேன். ஒரு தாயும் குட்டியும் தண்ணீர்ப் பக்கம் போகப் பார்க்க, நாலு வாகனம் குறுக்கே நின்றது. தாய் காதை விரித்துத் தலையை ஆட்டியது. எங்கள் சாரதி ஹபரணைப் பொடியன், சிங்களமும் தமிழும் கலந்து பேசுவான். ஏறும்போதே அவனிடம் சொல்லியிருந்தேன்: கிட்டப் போகவேண்டாம், கலைக்கவேண்டாம், அதற்காகச் சந்தோசக் காசைக் குறைத்துத் தரமாட்டேன். அவன் ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் இயந்திரத்தை நிறுத்தினான்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பேத்தி சலித்துப்போனாள். பிறகு ஒரு கூட்டம் மேய்ந்தபடி எங்கள் பக்கம் வந்தது. புல்லைக் காலால் உதைத்துப் பெயர்க்கும், துதிக்கையால் சுருட்டும், முன்னங்காலில் இரண்டு தரம் அடித்து மண்ணை உதிர்க்கும், வாயில் வைக்கும். அந்த அடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒரு குட்டியும் அப்படியே செய்து பார்த்தது. புல் கையை விட்டுப் போய்விட, வெறும் துதிக்கையைக் காலில் அடித்துக்கொண்டு நின்றது.

சாரதியின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. அக்கரையில் ஒரு கொம்பன் நிற்கிறதாம், எல்லா ஜீப்பும் அங்கே ஓடுகிறதாம். "மாத்தையா, போவமா?"

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் வாயில் விரலை வைத்து "உஷ்" என்றாள்.