புதன்கிழமை போன கேள்வி நேரமும் ஜெராக்ஸில் மிச்சமான 64 ரூபாயும்

வணக்கம் மக்களே. காட்பாடி மொட்டை மாடி, மாலை ஆறு மணி. பின்னால் கேட்பது நம்ம ரயில்தான், பழகியிருப்பீர்கள். அடுத்த வீடியோ வேலூர்க் கோட்டை அகழி என்று சொல்லியிருந்தேன். அது இரண்டு வாரம் தள்ளிப் போகிறது. புதன்கிழமையிலிருந்து ஒரு கோபம் உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கிறது. அதைக் கொட்டாமல் அகழியைப் பற்றிப் பேச வாய் வராது.

நான் கிரிக்கெட் பார்க்காத ஆள், நாடாளுமன்ற நேரலை பார்க்கிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும். மக்களவையில் எம்.பி.க்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கிற முதல் ஒரு மணி நேரம்தான் கேள்வி நேரம். புதன்கிழமை ரயில்வே அமைச்சகத்தின் முறை. கேள்விப் பட்டியலை முதல் நாளே இறக்கி வைத்து, பேனாவும் கையுமாகப் பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். ஏழாவது கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அவை கூடியது. முழக்கம், பதாகை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, 12 மணி வரை ஒத்திவைப்பு. அம்மா கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் அன்றைய கேள்வி நேரமே போய்விட்டது.

எந்தக் கட்சி மேல் தப்பு என்று கமெண்டில் அடித்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ஆளுகிறவர்கள் எதிர் வரிசையில் இருந்தபோதும் இதே காட்சியைத்தான் பார்த்தோம். எனக்கு வலிப்பது அந்த ஒரு மணி நேரம்.

ஏன் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறி போட்ட கேள்விகள் 20. அதற்கெல்லாம் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லாதவை 230, அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எம்.பி. குறைந்தது 15 நாளுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். யார் கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். ஒரு எம்.பி.க்கு ஒரு நாளில் ஒரே ஒரு நட்சத்திரம்தான். இத்தனையும் தாண்டிப் பட்டியலில் ஏறின கேள்வி, அவை தள்ளிப்போனால் வாய்ப்பதிலை இழந்து வெறும் எழுத்துப் பதிலாக மேசைக்குப் போய்விடும்.

"பதில் எப்படியும் கிடைக்கிறதே, என்ன நஷ்டம்?" என்று ஒரு தம்பி போன முறை கேட்டிருந்தார். நஷ்டம் இருக்கிறது தம்பி. முதல் பதிலை எழுதுவது அதிகாரிகள். அமைச்சர் எழுந்து "அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் ஆட்டமே. கேட்ட எம்.பி.க்கு அந்தப் பதிலை ஒட்டி இரண்டு துணைக் கேள்வி, அப்புறம் மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. துணைக் கேள்வியை முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. துறையைக் கரைத்துக் குடித்த அமைச்சர் யார், தாளைப் பார்த்துத் தடுமாறுகிறவர் யார் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும். எழுத்துப் பதிலை யாரும் மடக்கிக் கேட்க முடியாது.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை முந்த்ரா விவகாரம். அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் பணம் போட்டது பற்றி 1957-இல் மக்களவையில் கேள்வி எழுந்தது. விடாமல் பிடித்தவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி எம்.பி., அதுவும் பிரதமர் நேருவின் மருமகன்! நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. 1958-இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சொந்தக் கட்சி அமைச்சரையே நிற்க வைத்துக் கேட்ட மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். பதினோரு மணி மக்களவைக்கு மட்டும். மாநிலங்களவையில் 2014-இலிருந்து கேள்வி நேரம் 12 மணிக்கு.

சரி, ஜெராக்ஸ் கதைக்கு வருகிறேன். கோபத்தில் பழைய ரயில்வே பதில்களை எல்லாம் இணையத்திலிருந்து இறக்கினேன், 32 பக்கம். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. தமிழில் இருந்தால் எங்கள் தெருவில் எத்தனை பேர் படிப்பார்கள்! முதல் கடையில் பக்கத்துக்கு 5 ரூபாய், 160 ஆகும் என்றார்கள். இரண்டு பக்கமும் அடித்தால் குறையுமா என்று கேட்டேன், "அப்படியெல்லாம் கிடையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயிலில் பென்டிரைவை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தெரு நடந்தேன். அங்கே ஒரு அக்கா பக்கத்துக்கு 3 ரூபாய் போட்டு, ஸ்டேப்ளரும் அடித்துக் கொடுத்தார். 96 ரூபாய்! 64 ரூபாய் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அந்தத் தாள்களில்தான் புதையல். "பரிசீலனையில் உள்ளது" என்று பார்த்தாலே நமக்கு எரிச்சல் வரும் இல்லையா? ஆனால் அவையில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். அரசு உறுதிமொழிக் குழு என்று மக்களவையில் ஒரு குழுவே இருக்கிறது, 15 எம்.பி.க்கள். சொன்ன நாளிலிருந்து மூன்று மாதத்தில் அதை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்டு அந்தக் குழுவிடம் போக வேண்டும். இது தெரிந்ததும் பச்சை மார்க்கரை எடுத்து எல்லா 'பரிசீலனை'யையும் வட்டம் போட்டேன். இதோ பாருங்கள், கேமராவில் தெரிகிறதா?

நம்ம சட்டமன்றத்தில் "அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்பார்கள், "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், 2019. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் காட்பாடி, அரக்கோணம் தொகுதி. ஏப்ரல் 18 நாங்கள் ஓட்டுப் போட்டோம். அந்தப் பக்கம் வேலூர்த் தொகுதியில் பணப் பறிமுதலால் இரண்டு நாள் முன்பு தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தி விரலில் மை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தேர்தல் ஆகஸ்ட் 5-இல் நடந்தது, முடிவு 9-ஆம் தேதி. புது மக்களவையின் முதல் கூட்டத்தொடர் ஜூன் 17-இல் தொடங்கி ஆகஸ்ட் 6-இல் முடிந்தேவிட்டது. முத்தலாக் மசோதாவும் காஷ்மீர் மசோதாவும் நிறைவேறிய அந்தத் தொடர் முழுக்க வேலூருக்காகக் கேட்க அங்கே ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. இப்போது நாற்காலியில் ஆள் இருந்தும் கேள்வி நேரம் போகிறது.

அதனால் நானே ஒரு கேள்வி எழுதினேன். எங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்புகிறேன், விருப்பமிருந்தால் அவர் நோட்டீஸ் கொடுக்கட்டும். 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், வாதம் கூடாது, கிண்டல் கூடாது, ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். திருப்பதி-பாகாலா-காட்பாடி இரட்டைப் பாதைக்கு 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 104 கிலோமீட்டர், 1,332 கோடி ரூபாய். என் கேள்வி இது: (அ) காட்பாடிப் பகுதியில் நில எடுப்பு எந்த நிலையில் உள்ளது? (ஆ) இதுவரை செலவான தொகை எவ்வளவு? (இ) பணி எப்போது முடியும்? முதலில் "மக்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் தெரியுமா" என்று ஆரம்பித்திருந்தேன், அது வாதம் ஆகிவிடும் என்று அடித்துவிட்டேன்.

பின்னால் தனித்தாளில் இரண்டு துணைக் கேள்விகளும் எழுதிச் செருகியிருக்கிறேன். அதைக் கேமராவில் காட்டமாட்டேன், அமைச்சருக்கு முன்னாலேயே தெரியக் கூடாது. நாளைக் காலை ஸ்பீட் போஸ்ட். ரசீது வந்ததும் சமூகப் பக்கத்தில் போடுகிறேன். அம்மா கூப்பிடுகிறார்கள், வரட்டுமா.