பாட்டு மட்டும் போதாது

நடுவர் அவர்களுக்கு வணக்கம். பாட்டை ரசிக்கப் பாட்டே போதுமா, அது பிறந்த கதையும் தெரிய வேண்டுமா என்பதுதான் இன்றைய வழக்கு. எதிரணி நண்பர், 'ஆயிரம் நிலவே வா' பாட்டுக்குத் தலையாட்ட எஸ்.பி.பி.க்கு வந்த காய்ச்சல் எதற்கு என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். டைஃபாய்டில் படுத்துவிட்ட புதுப்பையன், எம்.ஜி.ஆர் படத்தில் பாடப்போகிறேன் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான், இப்போது வேறு ஆளைப் பாடவைத்தால் உடைந்துபோவான் என்று எம்.ஜி.ஆர் காத்திருந்தாரே, எஸ்.பி.பி.யே மேடைகளில் நெகிழ்ந்து சொன்ன கதை, அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டு எனக்கு இன்னும் இனிக்கத்தான் செய்கிறது.

சரி, இனிப்பை விடுங்கள். கதை தெரியாததால் ஒரு குடும்பமே ஏமாந்ததைச் சொல்கிறேன்.

1939, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க். சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர், இசைத்தட்டு கம்பெனியில் தட்டுகளைக் கட்டி அனுப்பும் வேலை பார்த்தவர், தன் குழுவோடு 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்கிறார். பாடிக்கொண்டிருக்கும்போதே, முன்கூட்டி யோசிக்காமல், மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி வந்து விழுகிறது. அந்தச் சங்கதிதான் கடல் தாண்டிப் போய், 1961இல் அமெரிக்காவில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆகி, பிறகு 'லயன் கிங்' படத்திலும் ஏறி, உலகத்துக் குழந்தைகள் வாயிலெல்லாம் புகுந்தது. உரிமையை எழுதிக் கொடுத்ததற்கு லிண்டா வாங்கியது 10 ஷில்லிங்! 1962இல் வறுமையில் செத்தார். கல்லறைக்கு ஒரு கல் நடக்கூட வீட்டில் காசில்லை.

பாட்டே போதும் என்றவர்கள் அத்தனை வருடமும் ரசித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவர் மகள்களுக்கு என்ன கிடைத்தது? 2000இல் ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் இந்தக் கதையைத் தோண்டி எடுத்து எழுதினார். அப்புறம்தான் வக்கீல்கள் வந்தார்கள். படைத்தவர் இறந்து 25 ஆண்டுகளில் உரிமை வாரிசுகளுக்கே திரும்பும் என்ற பழைய பிரிட்டிஷ் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு 2004இல் 'லயன் கிங்' எடுத்த டிஸ்னி மீது வழக்குப் போட்டார்கள். 2006இல் சமரசம். பழைய பாக்கி வந்தது, இனி வரும் ராயல்டிக்கும் வழி பிறந்தது, பாட்டை ஆக்கியவர்களில் ஒருவர் என்று லிண்டாவின் பெயரும் ஏறியது.

நண்பரே, இதில் எதைப் பாட்டு செய்தது, எதைக் கதை செய்தது? நீங்களே சொல்லுங்கள்.