முழமா, கிலோவா?

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வரும் வழியில் மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் பூ வாங்கினேன். "ரெண்டு முழம் கொடுங்கம்மா" என்றேன். கட்டின பூவா, உதிரியா என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. முழம் என்றாலே சரம்தான். மாட்டுத்தாவணிச் சந்தையில் போய் "கால் கிலோ மல்லி" என்றால் உதிரிப் பூ வரும். எது வேண்டும் என்பதை அளவே சொல்லிவிடுகிறது. நிரலில் ஒரு மதிப்பு எண்ணா, சொல்லா என்ற வகைக்கு டைப் என்று பெயர். நாம் எழுதாமலே அதை, நிரலை மொழிபெயர்க்கிற கம்பைலர் தானே ஊகிப்பதுதான் டைப் இன்ஃபரன்ஸ், தம்பிகளே, தங்கைகளே. எக்ஸோடு ஒன்றைக் கூட்டினீர்கள் என்றால், எக்ஸ் ஓர் எண் என்று கம்பைலர் கண்டுகொள்கிறது.

சரி, தடயமே இல்லாவிட்டால்? எக்ஸ் என்று ஒன்றை வாங்கி, அதை அப்படியே திருப்பித் தருகிற லாம்டா, அதாவது பெயரில்லாத ஃபங்ஷன் ஒன்றை எடுங்கள். அதை ஒரு வேரியபிளில் வைத்து, முதலில் 5-ஐக் கொடுங்கள்; அப்புறம் 'மதுரை' என்ற சொல்லைக் கொடுங்கள். ஓகேமல் என்ற நிரல் மொழியில் இரண்டும் ஓடும். ரஸ்ட் மொழியில் இரண்டாவது அழைப்பில் எரர் வரும். முதலில் வந்த 5, அந்த லாம்டாவை எண்ணுக்கென்றே கட்டிப்போட்டுவிட்டது. சி பிளஸ் பிளஸ்ஸில் 2011-இல் லாம்டா வந்தபோது அளவுருவின் டைப்பை நாமே எழுத வேண்டியிருந்தது. 2014-இல் டைப்புக்குப் பதில் 'ஆட்டோ' போட்டால் போதும் என்றானது. அங்கே கம்பைலர் மறைவாக ஒரு டெம்ப்ளேட், அதாவது அச்சு செய்து வைத்துக்கொண்டு, வருகிற டைப் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஓகேமலின் வழி. 'லெட்' போட்டுப் பெயர் வைத்ததும், எக்ஸ் மீது எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதைப் பார்த்து, 'எந்த டைப் ஆனாலும் சரி' என்று குறித்துக்கொள்கிறது. ஆனால் அதே லாம்டாவைப் பெயர் வைக்காமல், இன்னொரு ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட்டாக அனுப்புங்கள். உள்ளே அதை 5-க்கும் சொல்லுக்கும் பயன்படுத்தினால் எரர்! ஆர்க்யுமென்ட்டாக வருவதற்கு அந்த ஃபங்ஷனுக்குள் ஒரே டைப்தான். ஒரே தராசில் முழமும் கிலோவும் அளக்கச் சொன்ன மாதிரி.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஹிண்ட்லி, மில்னர் என்ற ஆய்வாளர்கள் 1969-இலும் 1978-இலும் தனித்தனியே இந்த வழியைக் கண்டார்கள். 1982-இல் டமாஸும் மில்னரும் சேர்ந்து, பெயர் வைத்தது மட்டுமே பொதுவாகும் என்ற இந்த எல்லைக்குள் நின்றால், டைப் இருக்கக்கூடிய எந்த நிரலுக்கும் கம்பைலர் எல்லாவற்றிலும் பொதுவான டைப்பைக் கட்டாயம் கண்டுபிடிக்கும் என்று காட்டினார்கள். நாம் ஒரு டைப்கூட எழுத வேண்டாம். எல்லையைத் தாண்டி, ஆர்க்யுமென்ட்டும் ஜெனரிக்காக, அதாவது எந்த டைப்புக்கும் பொருந்துவதாக இருக்கலாம் என்றால், அது சிஸ்டம் எஃப் என்ற டைப் முறை. அங்கே எந்த நிரலைக் கொடுத்தாலும் டைப் உண்டா இல்லையா என்று தீர்த்துச் சொல்லும் வழிமுறையே இருக்க முடியாது. 1994-இல் வெல்ஸ் என்ற ஆய்வாளர் இதை நிரூபித்தார்.

அதனால் அந்த எரரைப் பார்த்துக் கம்பைலர் மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹாஸ்கல் மொழியில் இப்படி ஒரு வரியோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். லாம்டாவை மாற்றி மாற்றி எழுதினேன். தப்பு லாம்டாவில் இல்லை. அதை வாங்குகிற ஃபங்ஷனுக்குத்தான் நான் டைப் எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் நாள், 'ரேங்க் என் டைப்ஸ்' என்ற நீட்சியை இயக்கி, ஆர்க்யுமென்ட்டின் டைப்புக்கு முன்னால் 'ஃபார்ஆல்' என்று ஒரு சொல் சேர்த்தேன். உடனே கம்பைல் ஆனது.