கேப்டன் மொல்லாய்க்கு எழுதிக் குடுத்த காணி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பஸ்ஸல்டன் பக்கம் லீவுக்குப் போயிருப்பீங்க, பெர்த்லேர்ந்து தெக்கால ஒரு இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினா வந்துரும், நம்மாளுங்க பெரும்பாலும் போறது அந்த ஒன்னே முக்கால் கிலோமீட்டருக்கு மேல கடலுக்குள்ள நீண்டு கெடக்கற மரப்பாலத்தைப் பாக்கத்தான், நடந்துட்டு போட்டோ எடுத்துட்டு மீன் வறுவலும் சிப்ஸும் சாப்ட்டுட்டு திரும்பிருவோம். அந்த ஊர் எப்படி உண்டாச்சு, முதல்ல வந்து குடியேறினவங்க யாருன்னு யாரும் கேக்கறதில்ல. அதுல ஒருத்தரைப் பத்தி இன்னிக்குப் பேசலாம்னு வந்திருக்கேன். பேரு ஜான் மொல்லாய்.

இவர் அடிப்படையில பட்டாளத்துக்காரர். பிரிட்டிஷ் ராணுவத்துல 95வது ரைபிள் படைன்னு ஒண்ணு இருந்துச்சு, மத்த படை பெரும்பாலும் செவப்புச் சட்டை போட்டு வரிசையா நின்னு சுட்ட காலத்துல, இவங்க பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு மரம் மட்டை மறைவுல பதுங்கி, குறி பாத்து சுடறவங்க. நெப்போலியன எதிர்த்து ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாம் சுத்தி வந்துட்டு கடைசியில 1815 ஜூன் 18ந் தேதி வாட்டர்லூவில மனுஷன் பலமா காயம் பட்டாரு. பொழைச்சுட்டாரு. ஆனா அதுக்கப்புறம்? சண்டை முடிஞ்சுபோச்சு, ஐரோப்பாவுல அமைதி வந்துருச்சு, ராணுவத்தை ஆள் குறைக்கறாங்க, அமைதிக் காலத்துல ஒரு கேப்டனுக்கு மேல ஏற வழியே இல்ல. சண்டை இருந்தவரைக்கும்தான் அவனுக்கு மதிப்பு, இது எந்த நாட்டுல எந்தக் காலத்துலயும் அப்படித்தான் போல.

இந்த நேரத்துலதான் 1829ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஸ்வான் ரிவர் காலனின்னு ஆரம்பிக்கறாங்க. விளம்பரம் என்னன்னா, நீ மூணு பவுண்டு மதிப்புக்கு பணமோ சாமானோ கொண்டு வந்தா உனக்கு 40 ஏக்கர் நிலம். கூட வேலையாள கூட்டிட்டு வந்தா அதுக்குத் தனியா நிலம். பிரிட்டன்ல ஒரு துண்டு நிலம் வாங்க வக்கில்லாத ஆளு இங்க ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஜமீன்தார் ஆயிரலாம். மொல்லாய் உடனே கெளம்பிட்டாரு. அதே வருஷம் கல்யாணமும் ஆச்சு, பொண்ணு ஜார்ஜியானா, ஸ்காட்லாந்துல இருந்த பொண்ணு, 24 வயசு, பக்திமான், மாப்பிள்ளைக்கு நாப்பதுக்கும் மேல. அந்தக் கல்யாணத்தப் பத்தி நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

1830 மார்ச்ல வாரியர்னு ஒரு கப்பல்ல ஃப்ரீமான்டில் வந்து எறங்கறாங்க. வந்து பாத்தா நல்ல நிலமெல்லாம் முன்னாடி வந்தவங்க வளைச்சுட்டாங்க. கவர்னர் ஸ்டிர்லிங் சொல்றாரு, தெக்க ஒரு எடம் இருக்கு, போய் அங்க ஊர் போடுங்கன்னு. அதுதான் ஆகஸ்டா, பிளாக்வுட் ஆறு கடல்ல சேர்ற எடம். மொல்லாயையே அங்க மாஜிஸ்ட்ரேட்டா போட்டுட்டாங்க, பஸ்ஸல் அண்ணன் தம்பிங்க, டர்னர் குடும்பம்னு கொஞ்சம் பேர் கூட.

ஆகஸ்டாவை இப்ப போய் பாத்தா சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனா கோடாலி எடுத்துக்கிட்டு நிலம் திருத்த வந்தவனுக்கு அது சொர்க்கம் இல்லீங்க. கர்ரி, ஜாரான்னு மரங்க, ஒண்ணொண்ணும் வானத்த முட்டற ஒசரம், ஒரு மரத்த சாய்ச்சு வேரைத் தோண்டி எடுக்கவே ஜென்மம் போயிரும், அப்புறம் எங்க கோதுமை வெதைக்கறது. போன புதுசுல, மே மாசக் கடைசி, அங்க குளிர்காலம் ஆரம்பிக்கற நேரம், மழை, ஒரு டென்ட்டுக்குள்ள ஜார்ஜியானாவுக்கு முதல் பிரசவம். டாக்டர் கெடையாது. டென்ட்டுத் துணி ஒழுகுதுன்னு குழந்தைக்கு மேல குடை புடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பொண் குழந்தை. சில நாள்லயே போயிருச்சு. பிற்பாடு அந்தம்மா தோழிக்கு எழுதின கடுதாசில, என் கையிலயே குழந்தை செத்துச்சு, பக்கத்துல மொல்லாய விட்டா ஒருத்தரும் இல்லன்னு எழுதியிருக்காங்க. அந்தச் சின்னக் குழிக்கு மேல இங்கிலீஷ் குளோவர் புல்ல வளத்திருக்காங்க, ஊர்லேர்ந்து கொண்டு வந்த புல்லு, அந்தக் காட்டுல அது மட்டும் தனியாத் தெரியுதுன்னும் அதுலயே இருக்கு.

மொல்லாய் என்ன பண்ணாருன்னா பாதி நாள் ஊர்லயே இல்ல, மாஜிஸ்ட்ரேட் வேலைன்னு அங்க இங்க போயிருவாரு, அவரோட ஆபீஸ் எழுத்து வேலையையும் பொண்டாட்டிதான் பாத்துக்கிட்டாங்க, தோட்டம், மாடு, புள்ளைங்க எல்லாத்துக்கும் மேல. 1836 கடைசியில லண்டன்லேர்ந்து மாங்கிள்ஸ்னு ஒரு கேப்டன் ஒரு பெட்டி நெறைய வெதை அனுப்பறாரு, இதை நீங்க வெச்சுக்கங்க, பெட்டியில உங்க ஊர்ச் செடி வெதையைப் போட்டு திருப்பி அனுப்புங்கன்னு. அடுத்த வருஷமே 19 மாசக் கைக்குழந்தை, ஆண் குழந்தை, கிணத்துல விழுந்து செத்துப் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்தம்மா முழு மூச்சா வெதை சேக்க ஆரம்பிச்சாங்க. எந்த மரம் எப்ப பூக்கும், எந்த வெதை எப்ப முத்தும்னு காட்டிக் குடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க, அந்த மண்ணோட பூர்வகுடி நூங்கார் ஜனங்கதான். டிசம்பர்ல ஆரஞ்சு கலர்ல பூத்துக் குலுங்குமே, நாம கிறிஸ்துமஸ் மரம்னு சொல்றது, அந்த வெதையைக் கூட அவங்க தொணையிலதான் புடிச்சாங்க. அந்த வெதைங்க இங்கிலாந்துல மொளைச்சு பேர் வாங்குச்சு, ஒரு போரோனியா செடிக்கு அந்தம்மா பேரையே வெச்சிருக்காங்க.

ஆகஸ்டா தேறாதுன்னு ஆனதும் 1839ல குடும்பத்தோட வடக்க வாஸ்ங்கற எடத்துக்கு வந்துட்டாங்க, அதான் இன்னிக்கு பஸ்ஸல்டன். மேய்ச்சல் நிலம், புல்லு, மாடு பெருகுது. ஆனா நாற்பது ஏக்கர், நாற்பது ஏக்கர்னு காயிதத்துல எழுதிக் குடுத்தாங்களே, அதெல்லாம் நூங்கார் ஜனம் தலைமுறை தலைமுறையா வேட்டையாடி, கெழங்கு தோண்டி, மீன் புடிச்சு வாழ்ந்த எடம். அவங்க கிட்ட ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கல.

1841 பிப்ரவரில, பஸ்ஸல்டன் பக்கத்துல இருக்கற வொன்னரப்ங்கற எடத்துல ஒரு ரொட்டிச் சண்டை. நெஜமாவே ரொட்டிதான், டேம்பர்னு தணல்ல சுடற ரொட்டி, அதைப் பங்கு போடறதுல வாய்த் தகராறு, ஜார்ஜ் லேமன்ங்கற வெள்ளைக்காரர் கேய்வல்ங்கற நூங்கார் பெரியவரோட தாடியப் புடிச்சு இழுத்துட்டாரு. ஒரு பெரிய மனுஷன் தாடியில கை வெச்சா என்ன ஆகும்? ஈட்டி பாஞ்சுது, லேமன் செத்தாரு. மாஜிஸ்ட்ரேட் யாரு, மொல்லாய். அவரும் பஸ்ஸல் சகோதரர்களும் துப்பாக்கியோட ஆள் சேத்துக்கிட்டு கெளம்பினாங்க. கேய்வலப் புடிக்கப் போனவங்க கண்ணுல பட்ட நூங்கார் ஆளுங்களையெல்லாம் சுட்டாங்க. எத்தனை பேருங்கறதுல இன்னிக்கு வரைக்கும் தகராறுதான், ஆனா படுகொலை நடந்துச்சுங்கறத நூங்கார் குடும்பங்க மறக்கவே இல்ல, 1897ல வந்த மேற்கு ஆஸ்திரேலிய சரித்திரப் புஸ்தகத்துலயும் அது வருது.

எனக்கு இங்கதான் ஆறல. சின்ன வயசுலேர்ந்து மறைஞ்சு நின்னு குறி பாத்து சுடறதையே தொழிலாக் கத்துக்கிட்ட ஆளு, உடம்புல வாட்டர்லூ தழும்போட, நிலத்துக்காக வந்து, சட்டத்தைக் காப்பாத்தற பதவியில உக்காந்துக்கிட்டு, வாழ்க்கையில கத்துக்கிட்ட அந்த ஒரே வேலையத்தான் திரும்பச் செஞ்சிருக்காரு. காயம்பட்ட வீரன்னு பரிதாபப்படலாம், வேணாம்னு சொல்லல, ஆனா அந்தப் பரிதாபத்துல வொன்னரப்ப அமுக்கிட முடியாது.

ஜார்ஜியானா ஏழாவது பிரசவத்துல படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்ல, 1843 ஏப்ரல்ல, 37 வயசுல போயிட்டாங்க. மொல்லாய் லெப்டினன்ட் கர்னல்ங்கற மரியாதையோட 1867 வரைக்கும் இருந்தாரு.

பஸ்ஸல்டன் போறவங்க அடுத்த தடவை பாலத்தோட நிறுத்தாம வொன்னரப் ஹவுஸ் வரைக்கும் போய்ட்டு வாங்க, லேமனோட மகன் 1859ல கட்டின வீடு, நேஷனல் டிரஸ்ட் வெச்சிருக்காங்க. பழைய பால்பண்ணைச் சாமானெல்லாம் பாத்துட்டு, அந்த 1841 விஷயத்தையும் அங்க இருக்கறவங்க கிட்ட கேளுங்க. நன்றி, வணக்கம்.