அரிட்டாபட்டியைச் சுற்றி ஒரு கோடு

நேயர்களுக்கு வணக்கம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றதும் நம் நினைப்பு நேராக மேற்கு மலைக்குப் போய்விடுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. வருசநாட்டு மலையிலும் மேகமலையிலும் காடு நின்றால்தான் வைகையில் தண்ணீர் வரும். 2021-ல் மேகமலையையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்தையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். காப்பகம் புலியின் பெயரில் இருந்தாலும் அதன் பலன் ராமநாதபுரம் கண்மாய்கள் வரை போகிறது.

ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது நம் வீட்டுக்கு அருகில் இருக்கும் சின்னச் சின்ன இடங்களைப் பற்றி.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. வரிசையாக மொட்டைப் பாறைக் குன்றுகள். ஒரு குன்றில் சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் இருக்கின்றன. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிர்கள் வாழும், காக்க வேண்டிய இடமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதல் தலம். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு எல்லாம் இங்கே உண்டு. லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை இந்தப் பாறைகளில்தான் கூடு வைக்கிறது.

இந்த இடம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பாறை மழையைக் குடிக்காது. விழுந்த தண்ணீர் வழிந்து, இடுக்குகளில் இறங்கி, அடிவாரத்தில் சுனையாக ஊறும். மீதி வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் உபரி நீர் வழியும் கலுங்கு பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. வல்லூறு பாறையில் குஞ்சு பொரித்தாலும் இரை தேடுவது வயல்வெளியில். ஆக, குன்றை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றவே முடியாது. வயலும் கண்மாயும் கெட்டால் குன்று வெறும் பாறைதான்.

2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்டும் சுரங்கத்துக்கான ஏலச் செய்தி வந்தபோது இதுதான் கேள்வியானது. நாயக்கர்பட்டி என்ற பெயரில் ஏலம் போன பரப்பு 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும், அந்தத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று பார்க்கச் சொன்னது மத்திய அரசு. மேலோட்டமாகக் கேட்டால் நல்ல யோசனை போலத் தெரியும். மேலூர் விவசாயிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டுக்கு வெளியே ஆழமாகத் தோண்டினால் கோட்டுக்கு உள்ளே இருக்கும் ஊற்று என்னாகும் என்பது கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் திரண்டு மதுரை தல்லாகுளத்துக்கே வந்தார்கள். அந்த மாதம் 23-ம் தேதி ஏலம் முழுவதும் ரத்தானது. நம் பகுதியில் இயற்கைக்காக நடந்தவற்றில் இதைவிடப் பெரிய காரியம் எதையும் என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அப்புறம், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடி. 1977-லேயே சரணாலயமான கண்மாய்கள். பரப்பு நாற்பது ஹெக்டேர்கூடக் கிடையாது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டி, சுற்று வட்டாரத்து வயல்களில் மேய்ந்துவிட்டு வருகின்றன. பறவைகள் மிரளக்கூடாது என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பட்டாசு கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எவ்வளவு சிரமம்! அதை ஒரு ஊரே வருடா வருடம் செய்கிறது. சரணாலயம் நிலைத்திருப்பதற்கு அரசாணை எவ்வளவு காரணமோ அதே அளவு இவர்களும் காரணம்.

நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோவில் காடு, வெறும் ஐந்து ஹெக்டேர். சாமி காடு என்பதால் தப்பியது. 2025-ல் மாநிலத்தின் இரண்டாவது பாரம்பரியத் தலமானது.

இப்படி அறிவித்தால் ஆடு மாடு மேய்க்க விடமாட்டார்கள், கோயிலுக்குப் போகத் தடை வரும் என்று பல ஊர்களில் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் உரிய வனவிலங்குச் சட்டம் கடுமையானதுதான். பாரம்பரியத் தலம் வருவது 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ். ஊர் வழக்கத்தில் இருக்கும் பயன்பாட்டை அது தடுப்பதில்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஊரே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அதே சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் மரம், செடி, பறவை, நீர்நிலையெல்லாம் எழுதிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்மாய் இருக்கும், அதன் வரத்துக்கால் விடுபட்டிருக்கலாம். கோயில் காடு இருக்கும், அதை ஒட்டிய புறம்போக்கு விடுபட்டிருக்கலாம். ஆடு மேய்க்கும் பெரியவர்களையும் மடை திறக்கும் மடையரையும் உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல அதில் எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.