சத்துமாவு யார் வாய்க்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடியில் மாதாமாதம் வாங்கும் சத்துமாவு, கர்ப்ப காலத்தில் கைக்கு வரும் ஊட்டச்சத்துப் பெட்டகம், வங்கிக் கணக்கில் ஏறும் மகப்பேறு உதவித்தொகை. தமிழ்நாட்டில் தாய்க்கும் பிஞ்சுக் குழந்தைக்கும் அரசு தரும் துணையில் முக்கியமானவை இவை மூன்றும். இவற்றை வாங்குவது எப்படி என்பதைச் சுருக்கமாகவும், வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவும் பேசலாம் என்று நினைக்கிறேன். மாவு தவறாமல் வந்தும் எடை ஏறாத குழந்தைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதற்கான காரணம் பல நேரம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

முதலில் உரிமை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிக்கும், பிரசவித்து ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரப்பட வேண்டும். சட்டத்தின் அட்டவணை அளவும் சொல்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். தாய்க்கு 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். எடை மிகக் குறைந்த குழந்தைக்கு 800 கிலோகலோரி. இதற்கு ரேஷன் கார்டின் நிறம் பார்க்கக் கூடாது. அங்கன்வாடிச் சேவைக்கு வறுமைக்கோட்டைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டிருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாரும் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

இப்போது கஞ்சிக்கு வருவோம். ஏழெட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லிதான் கொள்ளும். அதை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மாவைக் கரைத்துப் பால் போலக் காய்ச்சி, பாலாடையில் புகட்டுகிறார்கள். அந்த மாவு 10 கிராம் இருக்கும்; அதில் கிடைப்பது 40 கிலோகலோரி. குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், தாய்ப்பாலையும் குறைவாகக் குடிக்கும். அதே மாவில் 30 கிராம், அதாவது குவியலாக மூன்று மேசைக்கரண்டி எடுத்து, 120 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் ஏறத்தாழ 115 கிலோகலோரி. இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் இன்னும் 40 சேரும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். அதுதான் பதம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, ஆறு முதல் எட்டு மாதத்தில் இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு 200 கிலோகலோரி தேவை. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. கெட்டியான கஞ்சி இரண்டு வேளை கொடுத்தாலே முதல் கட்டம் கடந்துவிடும். தண்ணிக் கஞ்சி என்றால் ஐந்து வேளை கொடுக்க வேண்டும். எந்தத் தாயால் முடியும்?

"கெட்டியாகக் கொடுத்தால் விக்கும், செரிக்காது" என்று பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்கு முளைகட்டிய கேழ்வரகு இருக்கிறது. முளைகட்டும்போது தானியத்தில் உண்டாகும் நொதி, கஞ்சியின் பிசுபிசுப்பை உடைத்து இளக்கிவிடும். மாவைக் குறைக்காமலே கஞ்சி இளகும். வீட்டில் முளைகட்டி, நிழலில் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு இருந்தால், கஞ்சியை இறக்கிச் சற்று ஆறியதும் அரைத் தேக்கரண்டி கலந்து சில நிமிடம் விடுங்கள். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கொதிக்கும்போதே போட்டால் நொதி அழிந்துவிடும், பலன் இருக்காது.

மாவில் ஏற்கெனவே வெல்லம் இருக்கிறது. மேலே சர்க்கரை வேண்டாம். இனிப்புக்கே பழகிய குழந்தை பருப்புச் சாதத்தையும் கீரையையும் துப்பும். ஒரு வேளை சத்துமாவு, மற்ற வேளைகளில் குழைந்த பருப்புச் சாதம், மசித்த காய், முட்டை என்று மாற்றிக் கொடுப்பதே நல்லது.

அடுத்தது பங்கு. ஒரு குழந்தைக்கான மாவை வீட்டில் உள்ள நான்கு பிள்ளைகளுக்கும் கரைத்தால், கணக்கில் 500 கிலோகலோரி என்றிருப்பது குழந்தையின் வாயில் 125 ஆகிவிடும். பகிர்ந்து உண்ணும் வீடுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு வயதுக்குள் இழக்கும் வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். அந்தப் பிள்ளையின் மாவைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். ஏழு மாதக் குழந்தை சாப்பிட்டது போக மிஞ்சினால், பாலூட்டும் தாய் உண்ணட்டும். ஆறு மாதத்தோடு அவருடைய பங்கு நின்றுபோயிருக்கும்.

சுவை சலித்து மாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகளும் உண்டு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் புட்டு, கொழுக்கட்டை, அடை என்று மாற்றிப் பாருங்கள். வெல்லம் கலந்த மாவு ஈரத்தை இழுக்கும். பிரித்ததும் காய்ந்த, இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றி, ஈரக் கரண்டி படாமல் பாருங்கள். வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பார்த்து, கட்டி தட்டியோ பூஞ்சை வாடை அடித்தோ இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.

தாய்க்கான உதவிக்கு வருகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் ரொக்கம் 14,000. மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 2024-ல் மாற்றிய முறைப்படி, கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தை பிறந்து நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்; முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். அங்கன்வாடி மாவைப் போல அல்லாமல் இதற்கு வறுமைக்கோட்டு நிபந்தனை உண்டு.

பணம் தடைபடும் இடங்கள் சில. நாள் தள்ளிப்போனதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் எனப்படும் 12 இலக்க கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் தேவை. ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து என்று மாறி இருந்தால் தொகை நிற்கும். கணக்கு தாயின் பெயரிலேயே, ஆதார் இணைக்கப்பட்டதாக, உயிரோடு இருக்க வேண்டும். இப்போது மாவு வாங்கவும் முக அடையாளமும் கைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணும் கேட்கிறார்கள். பதிந்த எண் வெளியூரில் வேலை பார்க்கும் கணவரிடம் இருந்தால் அங்கன்வாடி வாசலில் காத்துக்கிடக்க நேரும். எண்ணை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போதும் அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லிப் பதிவை அந்த ஊருக்கு மாற்றச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் மாவு இரண்டு ஊரிலும் கிடைக்காது.

பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, நெய், சத்துமாவு எல்லாம் இருக்கும். செவிலியர் தரும் இரும்பு மாத்திரையைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். கால்சியம் இரும்பைச் சரியாக உறிஞ்ச விடாது. டீ, காபிக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதற்காக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, எடை. வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சைப் பட்டைக்குள் இருந்தால் போதும் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறோம். ஒரு பெண் குழந்தை எட்டாம் மாதம் 7 கிலோ, ஒன்பதாம் மாதமும் 7 கிலோ, பத்தாம் மாதம் 6.9 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று புள்ளியும் பச்சைக்குள்தான் இருக்கும். ஆனால் கோடு படுத்துவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்து அன்றே கேளுங்கள்: காய்ச்சலா, பேதியா, கஞ்சி நீர்த்ததா, தாய் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாரா? எடை போடுமுன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, கனமான உடையையும் கொலுசையும் கழற்றிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் நீளத்தைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். நிற்கவைத்து அளந்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும்.

இடது மேல்கையின் நடுவில் சுற்றும் நாடா, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் காட்டினால் கூடுதல் உணவும் கண்காணிப்பும் தேவை. 11.5-க்குக் கீழ் வந்தாலோ, இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, அடுத்த எடை நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.