லாகூர் கேட்டால் லக்னோ வருகிறது

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட படம் 2004 நவம்பரில் வெளியான 'வீர் ஜாரா'. கதையை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். இந்திய விமானப்படை அதிகாரி வீர், லாகூர்ப் பெண் ஜாரா, இருவருக்கும் காதல். பொய்யான உளவு வழக்கில் சிக்கி 22 ஆண்டு பாகிஸ்தான் சிறையில் கிடக்கும் வீரை, சாமியா என்ற பாகிஸ்தான் பெண் வக்கீல் வாதாடி மீட்கிறாள். காதலை விட்டுவிடுவோம். பக்கத்து வீடான பாகிஸ்தானை இந்தப் படம் எப்படிப் பார்த்தது என்பதுதான் பேச்சு.

இயக்குநர் யஷ் சோப்ரா 1932இல் லாகூரில் பிறந்தவர். பாட்டு மெட்டுகள், 1975இல் மறைந்த மதன் மோகன் பயன்படுத்தாமல் விட்டுச்சென்றவை. அவரும் லாகூரில் படித்தவர்தான். இப்படி லாகூர் மண் ஒட்டியவர்கள் சேர்ந்த படத்தில், ஜாராவின் வீடு மட்டும் ஏன் லக்னோ நவாப் மாளிகையை நினைவுபடுத்துகிறது?

காரணம் மும்பை இந்திப் படவுலகின் பழைய அச்சு. 1960களில் 'முஸ்லிம் சோஷியல்' என்று ஒரு வகைப் படம் ஓடியது. லக்னோ மாளிகை, ஷாயரி என்கிற உருதுக் கவிதை, குனிந்து கையை நெற்றிக்குக் கொண்டுபோய் 'ஆதாப்' சொல்வது எல்லாம் அதில் திரையில் பதிந்தவை. வசனம் எழுதுகிறவர்களின் காதும் அரங்கம் போடுகிறவர்களின் கண்ணும் அதிலேயே பழகிவிட்டன. பிற்பாடு பாகிஸ்தான் வீடு வேண்டும் என்றால், அதே அச்சில் வார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பஞ்சாப் முஸ்லிம் வீட்டில் சாதாரணமாகக் கேட்பது 'அஸ்ஸலாமு அலைக்கும்'தான். ஆதாப், லக்னோவைச் சுற்றிய அவத், ஹைதராபாத் பக்கத்து வழக்கம்.

இதைவிடப் பெரிய பிழை மொழியில் இருக்கிறது. லாகூரின் தாய்மொழி பஞ்சாபி. உருது அங்கே பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வரவேற்பறைக்கும் உரிய மொழி. வசதியான வீட்டில் பிள்ளைகளிடம் உருது பேசுவார்கள், உண்மைதான். ஆனால் டிரைவரைத் திட்டும்போதும் பழைய சிநேகிதரோடு சிரிக்கும்போதும் பெரியவர் வாயில் பஞ்சாபி தானாக வந்துவிடும். படமோ பஞ்சாபி வாசனையை முழுக்க இந்தியக் கிராமத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்குச் சலவை செய்த உருதுவைக் கொடுத்தது. வீரை வளர்த்த பெரியவரும் ஜாராவின் அப்பாவும் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். அது படத்தில் தெரியவே தெரியாது. நம் படங்களில் யாழ்ப்பாணத் தமிழ் படும் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

சரியாகச் செய்ததும் உண்டு. ஜாராவை வளர்த்த பேபே ஒரு சீக்கியப் பாட்டி. தன் அஸ்தியைக் கீரத்பூரில் கரைக்க வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. இந்தியப் பஞ்சாபில் சட்லெஜ் கரையில் உள்ள கீரத்பூரில் சீக்கியர்கள் பலர் அஸ்தி கரைப்பார்கள். 1947க்குப் பிறகும் லாகூரில் தங்கிவிட்ட ஒரு கிழவி, தன் ஊர் ஆற்றுக்குச் சாம்பலாகத் திரும்புகிறாள். பிரிவினையை வசனமே இல்லாமல் சொன்ன இடம் அது. ஜாராவின் விசா பற்றிப் படம் பேசாது. அப்போது இந்தியா, பாகிஸ்தான் விசா நாட்டுக்கு அல்ல, குறிப்பிட்ட ஊர்களுக்கு. பெரும்பாலும் போன ஊரில் போலீசில் பதியவும் வேண்டியிருந்தது. அதையெல்லாம் காட்டினால் இடைவேளைக்குள் எல்லையைத் தாண்ட முடியாது!

சிறையில் வீரின் கைதி எண் 786. 'பிஸ்மில்லா' வாசகத்தின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் எண் கொடுத்துக் கூட்டினால் வருவது இது. நம்மூர்க் கடைப் பலகையிலும் லாரி நெற்றியிலும் பார்க்கிறோமே, அதேதான். இந்தியக் கைதியின் சட்டையில் அந்த எண்ணைத் தைத்தது நல்ல கற்பனை, ஏனென்றால் அது இந்தத் துணைக்கண்டத்துக்கே உரிய பழக்கம்.

சிறைப் பகுதியில் நுணுக்கமான விஷயம் பெயர். வீர், ராஜேஷ் ராத்தோர் என்ற பொய்ப் பெயருக்குக் கையெழுத்துப் போடுகிறான். இப்படிப்பட்ட கைதியை விடுவிக்க, அவன் நம் ஆள்தான் என்று சொந்த நாடு உறுதிசெய்ய வேண்டும். பெயரும் ஊரும் தப்பென்றால் தேடிப்போகிற அதிகாரிக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள், கோப்பு அங்கேயே நின்றுவிடும். 2008 ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் இரு நாடுகளும் கைதிப் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அதிலும் பெயர் தப்பென்றால் தப்புதான். ஆகவே 22 ஆண்டு என்பது மிகையில்லை. சாமியாவும் மிகையில்லை. மனித உரிமை வக்கீல் அஸ்மா ஜஹாங்கீர் உள்ளிட்ட நான்கு பெண்கள் லாகூரில் சட்ட அலுவலகம் திறந்தது 1980இல்.

கடைசியாக ஒன்று. 'ஹென்னா', 'கதர்', 'வீர் ஜாரா' மூன்று இந்திப் படங்களிலும் ஆண் நம் பக்கம், பெண் அந்தப் பக்கம். மாப்பிள்ளை லாகூரில் குடியேறும் கதையாக இவற்றில் எதுவும் முடியவில்லை. ஆனாலும் இதில் ஜாரா வெறும் மருமகளாக வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையே என்று வீரின் ஊர்ப் பெரியவரிடமே கேட்கிறாள். பிறகு அந்த ஊருக்கே வந்து பள்ளியும் நடத்துகிறாள். இந்தியப் பஞ்சாபில் பாடம் குர்முகி எழுத்தில். லாகூரில் படித்தவளுக்குத் தெரிந்திருப்பது வலமிருந்து இடமாக எழுதும் எழுத்து. பேச்சு ஒன்று, எழுத்து வேறு. ஆகவே அவள் தன் பள்ளியின் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊடா, ஆடா என்று எழுத்துக் கூட்டிப் பழகியிருக்க வேண்டும். அந்தக் காட்சியைத்தான் எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.